தொழில் என்னவெண்டு கேட்டவை

வவுனியா
21.01.2024

அன்புள்ள மச்சாள்,

புது வருஷத்துக்கு முதல் எழுதவேணும் எண்டிருந்தன். அதுவும் போய், பொங்கலும் போய், இப்பதான் பேனையை எடுக்கிறன். நாங்கள் மூண்டு பேரும் சுகம். உங்கட முழங்கால் நோ எப்பிடி? வாடைக்காத்துக்குக் கூடியிருக்குமே. ஷெல் விழுந்து உங்கட காது போனதிலிருந்து உங்களுக்குப் போன் எடுத்தும் பிரயோசனமில்லை. நேரில எண்டால் வாயைப் பாத்து எல்லாத்தையும் விளங்கிக்கொள்ளுவியள். தூரத்தில இருக்கிற எனக்குக் கடிதம்தான் வழி.

இப்ப விஷயத்துக்கு வாறன். எனக்கு வேலை கிடைச்சிட்டுது! ஒப்பந்த வேலைதான், வருஷக் கடைசியில புதுப்பிக்கவேணும். எண்டாலும் கதிரை, மேசை, தலைக்கு மேல காத்தாடி எல்லாம் இருக்கு. புளியங்குளத்தில இவரின்ர கடை வேலை போனபிறகு வீடு எப்பிடி ஓடினதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. இப்பதான் மூச்சு விடுறம்.

திட்டத்தின்ர பேர் ‘சுயதொழில் காப்புத் திட்டம்’. கந்தோரில சம்பளம் எடுக்கிறவைக்குப் பென்சன் இருக்கு. தன்ர கையை நம்பி உழைக்கிற சனத்துக்கு என்ன இருக்கு? கையில ஒரு காயம் வந்தால் அண்டைக்கே அடுப்பு நூந்துபோம். அதுக்குத்தான் இது. மாதாமாதம் சின்னத் தொகை கட்டவேணும். காயப்பட்டு உழைக்க ஏலாமல் போனால் மாதம் உதவி வரும். அறுபது தாண்டினால் பென்சன். முதலில சில கிராமங்களிலதான் தொடங்கினம். கரைப்பக்கத்தில எந்த இடம் சொல்லுங்கோ பாப்பம்? உங்கட இடம்தான்!

இன்னொரு பெருமைப் புழுகும் இருக்கு. மேலிடத்திலயிருந்து வந்த தமிழ்க் கேள்வியளை வாசிச்சால் பேய்க்கும் விளங்காது. எங்கட அதிகாரி யதுர்ஷன் சேர், சின்னப் பெடியன், “அக்கா, நீங்களே ஒருக்கா நல்ல தமிழில எழுதித் தாங்கோ” எண்டு கேட்டார். ஒரு நாள் முழுக்க இருந்து எல்லாக் கேள்வியையும் நானே எழுதிக் குடுத்தன். கேக்கிறதுக்குப் பிள்ளையள் உங்கட பக்கம் வருவினம். ஆயத்தமாய் இருங்கோ.

உங்கட மனுசன், என்ர அண்ணா, இருந்திருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்.

உங்கள் அன்பு மச்சாள்
பிரேமிளா


முள்ளிவாய்க்கால்
25.02.2024

கந்தோர் உத்தியோகம் பாக்கிற என்ர மச்சாள் பிரேமிக்கு,

கடிதம் கிடைச்சது. யேசு உன்னையும் பிள்ளையையும் உன்ர மனுசனையும் காப்பார். முழங்காலைக் கேட்டனி. அது என்னோடதான் இருக்குது, ஒரு இடமும் போகாதாம், அதுதான் கரைச்சல்.

உன்ர வேலைக்கு மாதா கோயில்ல மெழுகுதிரி கொளுத்தினன். பக்கத்து வீட்டு அழகம்மா தன்ர பங்குக்கு உனக்காகத் தேங்காய் உடைச்சவ. இரண்டு பக்கத்தாலயும் உனக்குக் காவல், பயப்பிடாதை.

இஞ்ச ஒரு பகிடி நடந்தது. போன கிழமை இரண்டு பெட்டையளும் ஒரு பெடியனும் வந்தவை, கையில பெரிய போன் மாதிரி ஒண்டு. குடிசனக் கணக்கெடுக்கிற ஆக்கள் போல. நான் அழகம்மாவோட இருந்து சாளை மீன் வெட்டிக்கொண்டு இருக்கிறன். ஒரு பெட்டை குனிஞ்சு என்னட்டை “அம்மா, நீங்கள் செய்யும் தொழில் என்ன?” எண்டு கேட்டாள். வாயைப் பாத்து விளங்கிச்சுது. “எனக்கென்னடி பிள்ளை தொழில்? தொழிலுக்குப் போனவர் ஏழு வருஷத்துக்கு முன்னம் வள்ளத்தோட போனவர்தான். வழியில கண்டால் வரச்சொல்லு” எண்டன். பெட்டை முழுசிப்போட்டு ‘தொழில் இல்லை’ எண்டு குத்திக்கொண்டு போட்டாள். அழகம்மாவும் அப்பிடித்தான், “ஐயோ எனக்குத் தொழில் இல்லை” எண்டவ. எங்கட ஒழுங்கையில இருக்கிற அத்தனை பொம்பிளையளும் அதையேதான் சொன்னவை. பெடியன் விடேல்ல, சுயதொழில், சுயதொழில் எண்டு நிண்டான். சுயதொழில்காரர் வேணுமெண்டால் சொந்த வள்ளம் வைச்சிருக்கிற வின்சன் சம்மாட்டியிட்டைப் போங்கோ எண்டு வழி காட்டி விட்டம். அந்தாள் சந்தோசமாய்ப் பேர் குடுத்ததாம்.

அதிருக்கட்டும், உன்ர ஆக்கள் எப்ப வருவினம்? வந்தால் தேத்தண்ணி குடுத்து, நல்ல கருவாட்டுப் பொரியலோட சோறும் குடுத்துத்தான் அனுப்புவன். என்ர மச்சாள் அனுப்பின ஆக்கள் எண்டு ஊருக்கே சொல்லி வைச்சிருக்கிறன்.

உன்ர மரியமலர்


வவுனியா
02.04.2024

அன்புள்ள மச்சாள்,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். பதில் எழுதச் சுணங்கிப்போச்சு, குறை நினையாதேங்கோ. கந்தோரில தலை சொறிய நேரமில்லை. நீங்கள் சுகமாய் இருப்பியள் எண்டு நம்புறன்.

மச்சாள், அண்டைக்கு வந்தவைதான் எங்கட ஆக்கள்.

ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? விடிய எழும்பினால் பொழுதுபடுமட்டும் மீனுக்குள்ள நிக்கிறியள். கருவாடு காயப்போட்டு விக்கிறியள். பேந்தும் தொழில் இல்லையெண்டால் கேக்க வந்த பிள்ளையள் என்ன செய்யிறது? கேள்வியை வடிவாய் விளங்கிப் பதில் சொல்லியிருக்கலாம்தானே. அழகம்மா அக்காவாவது சொல்லியிருக்கலாம். இப்ப உங்கட ஒழுங்கையில ஒரு பொம்பிளையின்ர பேரும் இல்லை.

சரி, நடந்தது நடந்துபோச்சு. இரண்டாந்தரமும் ஆக்கள் வருவினம். அப்ப பாப்பம். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ.

அவசரத்தில எழுதுறன். உடம்பைப் பாருங்கோ.

பிரேமிளா


முள்ளிவாய்க்கால்
15.04.2024

பிரேமி,

நான் சுகம். நீயும் சுகமாய் இரு. இனி உனக்கு ஏசப்போறன், இருந்து வாசி.

நீ எங்க பிறந்தனி? இதே கரையில. உன்ர கொப்பர் விடியப்புறம் “தொழிலுக்குப் போறன்” எண்டு சொல்லிப்போட்டுக் கந்தோருக்கோ போனவர்? கடல் கொந்தளிச்சால் “இண்டைக்குத் தொழில் இல்லை” எண்டு கரை முழுக்கச் சொல்லுறது உன்ர காதில விழேல்லையோ? எனக்குத்தான் காது இல்லை, உனக்குமோ? இஞ்ச தொழில் எண்டால் கடலுக்குப் போறது. பொம்பிளையள் ஆராவது தொழிலுக்குப் போய்க் கண்டனியே? நாங்கள் வலையில மீன் கழட்டுறம், வெட்டுறம், உப்புப் போடுறம், காயப்போடுறம், கடகத்தில வைச்சுக் கொண்டுபோய் விக்கிறம். அதுகளுக்கு எங்கட வாயில பேர் ஒண்டுமில்லை. சுயதொழில் எண்டால் சொந்த வள்ளத்தில தொழிலுக்குப் போறது எண்டுதான் நாங்கள் நினைச்சம். வேறை என்னத்தை நினைக்கிறது?

இந்தக் கேள்வியை எழுதினது கடலே காணாத ஆரோ ஒரு ஆள் எண்டு அழகம்மாட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சன். பேந்து உன்ர தைமாதக் கடிதத்தை எடுத்து வாசிச்சன். சிரிப்பு நிண்டுபோச்சு.

சரி விடு. கோவம் எழுதேக்கயே போட்டுது. உனக்கும் அங்க எத்தினை தலையிடியோ. இரண்டாந்தரம் வருவினம் எண்டு எழுதினனியே, அது போதும். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். அழகம்மாவுக்கு அறுபது கிட்டுது, அவவுக்குத்தான் கூடின சந்தோசம். இந்தமுறை என்ன கேட்டாலும் “ஓம், தொழில் இருக்கு, நல்லாய் இருக்கு” எண்டு கத்துவம்.

பிள்ளைக்கு என்ர முத்தம்.

மரியமலர்


முள்ளிவாய்க்கால்
19.06.2024

அன்புள்ள தங்கச்சி பிரேமிளாவுக்கு,

இது மரியமலர் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு அழகம்மா எழுதுறது. வற்றாப்பளை அம்மன் அருளால நீங்கள் எல்லாரும் சுகமாய் இருக்கவேணும்.

நான் சுகம் எண்டு எழுதச் சொல்லுறா. அது பொய், ஆனாலும் எழுதுறன். வலக்கையில சின்னக் காயம், அதாலதான் தான் எழுதேல்லையாம். கெதியாய் மாறிவிடுமாம். நீங்கள் பிள்ளையையும் விட்டுட்டு ஓடி வரவேண்டாமாம்.

தங்கச்சி, இனி நான் என்ர பாட்டில எழுதுறன். அவ இப்ப உலை வைக்கப் போட்டா. சின்னக் காயம் இல்லை. வலையில திருக்கை கிடந்ததைக் காணாமல் கையை வைச்சுப்போட்டா. முள்ளுக் குத்தி, கை வீங்கி, காய்ச்சலும் வந்தது. நாங்கள் மஞ்சள் வைச்சுக் கட்டிக்கொண்டு இருந்திட்டம், அது எங்கட பிழை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்க நல்லாய்ப் பிந்திப்போச்சு. பெருவிரலும் பக்கத்து விரலும் எடுத்துப்போட்டினம். கத்தி பிடிக்க ஏலாது. மற்ற ஆக்களுக்கு முன்னால பகிடி விடுகிறா, பின்னேரத்தில உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில குந்தியிருந்து அழுகிறா. அவவின்ர மீனையும் சேத்து நான்தான் வெட்டுறன். அது எனக்குப் பெரிய காரியமில்லை, இரண்டு பேரும் ஒரே வெயில்ல காயிற சீவன்கள்தானே.

அவ திரும்பி வந்திட்டா. என்ன இவ்வளவு நீளமாய் எழுதுறாய் எண்டு கேக்கிறா. காய்ச்சல் மாறிட்டுது எண்டு எழுதினனான் எண்டு சொன்னன்.

கடைசியாய் ஒண்டு கேக்கச் சொல்லுறா. அந்த இரண்டாந்தர ஆக்கள் எப்ப வருவினம்? தனக்காக இல்லையாம், அழகம்மா கேக்கிறாளாம். ஓம், நானும் கேக்கிறன்தான்.

இப்படிக்கு, மரியமலருக்காக
அழகம்மா


வவுனியா
08.07.2024

என்ர மச்சாள்,

இந்தக் கடிதத்தைத் தனிய இருந்து வாசியுங்கோ. அழகம்மா அக்காவிட்டைக் குடுக்காதேங்கோ. வாசிச்சபிறகு அடுப்பில போடுங்கோ.

உங்கட விரலை நினைச்சு எத்தினை நாள் சாப்பிடேல்ல எண்டு எனக்குத் தெரியாது. “சின்னக் காயம்” எண்டு சொல்லச் சொன்னனீங்களாம். அண்ணா காணாமல் போன அண்டைக்கும் நீங்கள் எனக்குச் சின்னக் காத்து எண்டுதான் செய்தி அனுப்பினனீங்கள்.

இந்த மாதத்திலயிருந்து உங்களுக்குக் காசு வரும். உங்கட பேரைச் சேத்துப்போட்டன். கணனியில உங்கட பதிவைத் திறந்து, தொழில் இல்லை எண்டு இருந்ததை அழிச்சு, கருவாடு செய்து விற்பனை எண்டு மாத்தினன். மாசியிலயே நீங்கள் அப்பிடிச் சொன்னமாதிரி. கட்டவேண்டியதையும் கட்டிப்போட்டன். எழுதினதில பொய் ஒண்டுமில்லை, மச்சாள். ஆனால் களவாய்த்தான் எழுதினன்.

உங்கட ஒண்டைத்தான் மாத்தினன். மற்ற ஆக்களின்ரயும் மாத்தினால் கண்டுபிடிச்சுப் போடுவினம். இரண்டாந்தரம் ஆக்கள் வருவினம் எண்டு எழுதினன் எல்லே, அது பொய். அப்பிடி ஒண்டு இல்லை. நான் கேட்டால்தான் வரும். கேக்கவேணுமெண்டால் யதுர்ஷன் சேரிட்டைப் போய், கேள்வி பிழை, அதை எழுதினது நான், என்ர கரையில அந்தச் சொல்லுக்கு வேறை கருத்து எண்டு சொல்லவேணும். கரையில பிறந்த நானே அதை மறந்துபோனன் எண்டு சொல்லவேணும். நல்ல தமிழ் எண்டு எல்லாரும் புகழ்ந்த அந்தக் கேள்வியை. மார்கழியில ஒப்பந்தம் புதுப்பிக்கவேணும். இவருக்கு இன்னும் வேலை இல்லை.

சித்திரையில நான் உங்களுக்கு ஏசி எழுதினனே, அது உங்களுக்கு ஏசினதில்லை. உங்கட கடிதத்தை வாசிச்ச உடனயே எனக்கு விளங்கிட்டுது. ஆராவது ஒராளில பிழை இருக்கவேணும், அது நானாய் இருக்கக்கூடாது எண்டு நினைச்சன்.

அழகம்மா அக்காவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. காசு நான் அனுப்புறது எண்டு சொல்லுங்கோ.

பிரேமிளா


முள்ளிவாய்க்கால்
04.08.2024

பிரேமி

இது இடக்கை. கோழி கிளறினமாதிரிக் கிடக்கும். பொறு.

அழகம்மாவைக் கொண்டு எழுதுவிக்க ஏலாத கடிதம், அதுதான் இந்தக் கையைப் பழக்கினன்.

காசு வந்தது. எடுத்தன். உப்பு, அரிசி, மருந்து வேண்டினன். எடுக்கமாட்டன் எண்டு எழுத ஆசைதான். ஆனால் எடுத்தன்.

நீ அனுப்பினது எண்டு சொன்னன். அவ நம்பிட்டா.

கை நோகுது. சுகமாய் இரு.

மலர்


வவுனியா
22.08.2024

அன்புள்ள மச்சாள்,

உங்கட இடக்கை எழுத்தைக் கண்டு அழுதிட்டன். கெட்டிக்காரி நீங்கள். நாங்கள் சுகம். இஞ்ச சரியான வெக்கை. பிள்ளைக்குப் பரீட்சை வருகுது.

காசை யோசிக்காமல் எடுங்கோ, அது உங்கட உரிமை. மற்ற விஷயத்தைப் பற்றிப் பேந்து ஆறுதலாய் எழுதுறன். மருந்தை ஒழுங்காய்க் கட்டுங்கோ.

பிரேமிளா


முள்ளிவாய்க்கால்
16.09.2024

பிரேமி,

ஆறுதலாய் எழுதுறன் எண்டு எழுதினனி. இன்னும் ஆறேல்லைப் போல.

நான் சுகம். கை ஆறிட்டுது, எழுத்தும் கொஞ்சம் நேராய் வருகுது. மனம்தான் ஒரு பக்கமாய் இழுக்குது. கேள்.

போன திங்கள் அழகம்மா வற்றாப்பளைக்குப் போனவ. வெயிலுக்குள்ள வரிசையில நிண்டு உன்ர பேரில அருச்சனை செய்விச்சவவாம். இப்பிடி ஒரு மச்சாள் ஆருக்குக் கிடைக்கும், கனடாவில இருக்கிற என்ர சொந்தத் தங்கச்சியே ஏனெண்டு கேக்கிறேல்ல எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறா. வந்து பொங்கலை என்ர வாயில தன்ர கையால ஊட்டினவ. வலக்கையால எனக்கு அள்ளித் தின்ன ஏலாது எண்டு. நான் திண்டன். வேறை என்ன செய்யிறது?

என்ர மீனை அவதான் வெட்டுறா. தன்ரயை முடிச்சுப்போட்டு வந்து குந்துறா. முதுகைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்புறா. அவவுக்கு ஒண்டு நடந்தால் ஆர் இருக்கினம்? அவவுக்குப் பேர் இல்லை, எனக்கு இருக்கு. ஒரே மீன், ஒரே உப்பு, ஒரே வெயில்.

நான் நல்லவள் எண்டு நினையாதை. காசு வந்த அண்டைக்கு எனக்குச் சந்தோசம் வந்தது. அழகம்மாவின்ர ஞாபகம் பேந்துதான் வந்தது. அடுத்த மாதமும் எடுத்தன். இந்த மாதமும் எடுத்திட்டுத்தான் இதை எழுதுறன். அவ்வளவு கள்ளி நான்.

போய்ச் சொல்லு, பிரேமி. உன்ர சேரிட்டைச் சொல்லு. என்ர பேரை வெட்டினால் வெட்டட்டும். வெட்டுவினம் எண்டு எனக்குத் தெரியும். எனக்குப் பயமில்லை எண்டு சொல்லேல்ல. பயம்தான். நீயும் பயப்பிடுறாய், நானும் பயப்பிடுறன், இடையில அவ கோயிலுக்குப் போய் வாறா.

அவட்டை நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்ல. வாய் வருகுதில்லை.

மரியமலர்


வவுனியா
17.11.2024

அன்புள்ள மச்சாள்,

இரண்டு மாதமாய் நான் எழுதாததுக்கு என்ன நினைச்சிருப்பியள் எண்டு தெரியும். நினைச்சது சரிதான். உங்கட கடிதத்தைக் கைப்பையில வைச்சுக்கொண்டு ஒவ்வொரு நாளும் கந்தோருக்குப் போய், ஒவ்வொரு நாளும் சொல்லாமல் திரும்பி வந்தன். சொன்னால் மச்சாளின்ர காசு நிண்டுபோம், அதுக்காகத்தான் பேசாமல் இருக்கிறன் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். கேக்க நல்லாய்த்தான் இருந்தது. உங்கட விரலுக்குப் பின்னால நான் ஒளிச்சிருந்தன், மச்சாள்.

போன செவ்வாய் சொல்லிப்போட்டன். பெரிய வீரத்தில சொல்லேல்ல. சேர் கூட்டத்தில மேலிடத்து ஆக்களுக்கு அறிக்கை வாசிச்சார், கரையோரத்தில பொம்பிளையளுக்குச் சுயதொழிலில ஈடுபாடு குறைவு எண்டு. ஈடுபாடு குறைவாம்! எனக்கு என்ன நடந்ததெண்டு தெரியாது, எழும்பி நிண்டிட்டன். “சேர், அது பிழை. அவைக்குத் தொழில் எண்டால் கடலுக்குப் போறது. அது எனக்குத் தெரியும். கேள்வியை எழுதினதும் நான்தான்” எண்டன். உங்கட பதிவை மாத்தினதையும் சொன்னன்.

நல்ல பெடியன் அவர். கத்தேல்ல. கத்தியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். “ஏன் அக்கா அப்பவே சொல்லேல்ல? மாசியில சொல்லியிருந்தால் ஒரு கிழமையில திருப்பி ஆக்களை அனுப்பியிருப்பனே” எண்டு மட்டும் கேட்டார்.

மச்சாள், இதை எழுதாமல் விடலாமோ எண்டு கனக்க யோசிச்சன். ஆனால் உங்களுக்குச் சொல்லத்தான் வேணும். மாசியில, பங்குனியில நான் வாயைத் திறந்திருந்தால், ஆனியில திருக்கை குத்தேக்க உங்கட பேர் ஒழுங்காய் உள்ளுக்க இருந்திருக்கும். களவு தேவைப்பட்டிராது. ஒருத்தரும் அதை வெட்டியிருக்க ஏலாது. இப்ப வெட்டிப்போட்டினம். இந்த மாதத்திலயிருந்து வராது. புதுசாய்ப் பதிஞ்சாலும், பதியிறதுக்கு முதல் வந்த காயத்துக்கு உதவி இல்லையாம். எடுத்ததைத் திருப்பிக் கேக்கமாட்டினம், அதுக்குச் சேர் பொறுப்பு நிண்டவர்.

கார்த்திகை முடிய ஆக்கள் வருவினம். கேள்வியை மாத்தி எழுதிக் குடுத்திட்டன். அதுதான் என்ர கடைசி வேலை. ஒப்பந்தம் புதுப்பிக்கமாட்டினம் எண்டு அடுத்தநாளே சொன்னவை. இவருக்கு இன்னும் சொல்லேல்ல.

என்னை மன்னியுங்கோ எண்டு எழுத வெக்கமாய் இருக்கு. ஆனாலும் எழுதுறன். நத்தாருக்கு வரட்டோ?

பிரேமிளா


முள்ளிவாய்க்கால்
15.12.2024

என்ர பிரேமிக்கு,

பாலன் பிறக்கப்போற நாள் கிட்டுது. உங்கள் எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும். நான் சுகம். இந்த எழுத்தைப் பார், இடக்கை எண்டு ஆராவது சொல்லுவினமோ?

விரலுக்கும் உனக்கும் சம்பந்தமில்லை எண்டு எழுதத்தான் குந்தினன். அது முழு உண்மை இல்லை. மாசியில சொல்லியிருந்தால் எண்டு நானும் யோசிச்சனான். உன்ர கடிதம் வந்த அண்டைக்கு முழுநாளும் உன்னில எரிச்சலாய்க் கிடந்தது. சோத்துப் பானைக்கும் பூனைக்கும் ஏசினன். அடுத்தநாள், வேலையும் போய் உன்ர மனுசனுக்கும் சொல்லாமல் நிக்கிறாய் எண்டு நினைக்க எரிச்சல் அடங்கிச்சுது. மன்னிச்சாச்சோ எண்டு கேளாதை, மன்னிச்சுக்கொண்டு இருக்கிறன். முதல்ல உன்ர மனுசனுக்குச் சொல்லு.

உன்ர ஆக்கள் வந்தவை. “காலமை எழும்பினால் பொழுதுபடுமட்டும் என்ன வேலை செய்யிறியள்?” எண்டு கேட்டவை. அழகம்மா தொடங்கினவ, நிப்பாட்டவேயில்லை! வலை, வெட்டு, உப்பு, காயப்போடுறது, காகம் கலைக்கிறது, மழைக்கு அள்ளி ஓடுறது, புதுக்குடியிருப்புச் சந்தை எல்லாம் சொன்னவ. அந்தப் பெட்டைக்கு விரல் நொந்திருக்கும். ஒழுங்கையில எல்லாரின்ர பேரும் ஏறிட்டுது. நானும் பேர் குடுத்தன், உப்புப் போடுறதும் காயப்போடுறதும் எண்டு. இனி வாற காயத்துக்கு எண்டாலும் உதவட்டும்.

அண்டைக்குப் பின்னேரம் அழகம்மா வழமைபோல வந்து என்ர மீனை வெட்டத் தொடங்கினவ. முகமெல்லாம் சிரிப்பு. உன்ர மச்சாள் சொன்னதைச் செய்திட்டா பாத்தியோ எண்டு சொன்னவ. இனி ஏலாது எண்டு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். காசு நீ அனுப்பினதில்லை எண்டதை, என்ர பேர் மட்டும் உள்ளுக்க இருந்ததை, அது தெரிஞ்சுகொண்டு அவவின்ர கையால பொங்கல் திண்டதை, எல்லாம்.

அவ கத்தியை வைச்சா. என்னைப் பாத்தா. பேந்து முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு கதைச்சா. கனநேரம் கதைச்சா, பிரேமி. முதுகு ஆடினதில எனக்குத் தெரிஞ்சுது. வாயைக் காட்டேல்ல. என்னோட கதைக்கிறதெண்டால் முகம் பாத்துக் கதைக்கவேணும் எண்டு பதினைஞ்சு வருஷமாய் மற்றவைக்குச் சொல்லிக் குடுக்கிறவவே அவதான். நான் முன்னுக்குப் போய் நிண்டிருக்கலாம். போகேல்ல. முடிஞ்சதும் திரும்பி இருந்து மிச்ச மீனையும் வெட்டி, கத்தியைக் கழுவி வைச்சுப்போட்டுப் போட்டா.

இப்பவும் ஒவ்வொரு நாளும் வாறா. என்ர மீனை வெட்டுறா. போறா. ஒரு சொல்லும் இல்லை. உன்னில எண்டால் எனக்குக் கோவம் அடங்கிச்சுது. அவவுக்கு அடங்குமோ தெரியாது. அடங்கவேணும் எண்டு கேக்க எனக்கு என்ன உரிமை?

நத்தாருக்கு வா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. முதல்ல என்ர வீட்டுக்கு வராதை, நேரே அவட்டைப் போ. ஏசுவா, வாங்கு. உனக்குக் காது இருக்கு. ஏசி முடிய, அண்டைக்குக் கடலைப் பாத்து என்ன சொன்னவ எண்டு கேள். அதை ஒண்டும் குறைக்காமல், ஒண்டும் இனிப்பாக்காமல், எனக்கு ஒரு கடதாசியில எழுதித் தா.

மரியமலர்